சினிமாப் பக்கத்தில் மடித்த சல்பேட்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வேதியியல் சொல்லிக்கொடுப்பவளுக்கு அது ஆகாது என்று பயிற்சிக் கல்லூரியிலேயே எச்சரித்தார்கள். கையில் ஆசிட் இருக்கும்போது நிதானம் வேண்டுமாம். இத்தனை வருஷ வேலையில் நான் யார் மேலும் ஒரு சொட்டு ஆசிட் கொட்டியதில்லை. கொட்டியதெல்லாம் வார்த்தைதான்.

தொண்ணூறுகளின் நடுவில் சதுரங்கப்பட்டினம் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு என்னை மாற்றினார்கள். பள்ளியின் பெயர் வேண்டாம், அங்கே இருந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள். வீடு செங்கல்பட்டில். காலையில் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்தால், முதல் மணி அடிக்கும்போது தலையெல்லாம் காற்றில் கலைந்துபோய் இறங்குவேன்.

முதல் நாள் தலைமை ஆசிரியர் என்னை ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனார். கண்ணாடி அலமாரிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பித்தளைப் பூட்டு. உள்ளே பியூரெட், பிப்பெட், சோதனைக் குழாய் எல்லாம், வந்த அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வராமல் வைக்கோலுக்குள் படுத்திருந்தன.

"ஜில்லாவிலேயே நம்ம லேப் மாதிரி கிடையாது டீச்சர். இத்தனை வருஷத்துல ஒரு சாமான் உடைஞ்சதில்ல," என்றார்.

"எப்படி சார்?"

"தொட்டாத்தானே உடையும்?"

"அப்போ பசங்க செய்முறை எப்படிப் பண்றாங்க?"

"ரெக்கார்டு நோட்டு எழுதுறாங்களே," என்றார் அவர். இதுகூடத் தெரியாமலா வேலைக்கு வந்தாய் என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

அந்த ரெக்கார்டு நோட்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்தேன். பிரவுன் அட்டை போட்டு, படம் வரைந்து, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போன்ற கையெழுத்து. போன வருஷத்து அண்ணன் நோட்டைப் பார்த்து இந்த வருஷத்துத் தம்பி எழுதுவது அங்கே முறை. அந்த அண்ணன் அதற்கும் முந்தைய அக்கா நோட்டைப் பார்த்து எழுதியிருப்பான். சோதனை, காண்பன, அறிவன என்று மூன்று கட்டம் இருக்கும். அம்மோனியம் சோதனைக்கு எட்டு நோட்டில் 'காண்பன' கட்டத்தில் 'மழையில் நனைந்து அழிந்துவிட்டது' என்று இருந்தது. பக்கத்தில் 'அறிவன' கட்டத்தில் 'அம்மோனியம் இருக்கலாம்'. எட்டுக்கும் சிவப்பு மையில் சரி போட்டு ஓர் ஆசிரியர் கையெழுத்துப் போட்டிருந்தார். நான் அடுப்படியில் நின்று சிரித்த சிரிப்பில் பால் பொங்கிவிட்டது. அப்புறம்தான் வயிறு எரிந்தது.

சரி, செய்முறைத் தேர்வில் என்ன செய்வார்கள்? வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் சொல்லாமல் ஒரு சிட்டிகை உப்பு கொடுப்பார்கள். சோதனை செய்து அது என்ன உப்பு என்று கண்டுபிடித்து எழுத வேண்டும். இந்த உப்பைப் பொட்டலம் கட்டுவது ஆய்வக உதவியாளரின் வேலை. ஓய்வுபெற இரண்டு வருஷமே இருந்த மனிதர், பிள்ளைகள் மேல் உயிரை வைத்திருந்தவர். குளோரைடு என்றால் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் மடிப்பார். சல்பேட் என்றால் சினிமாப் பக்கம். நைட்ரேட் என்றால் இரங்கல் விளம்பரம். பிள்ளைகள் பொட்டலத்தைப் பிரிப்பார்கள், பேப்பரைப் பார்ப்பார்கள், எழுதுவார்கள். எத்தனையோ வருஷமாக ஒருவர்கூடத் தவறவில்லை. உப்பைப் பார்த்தார்களா என்றால், அது யாருக்கும் தேவைப்படவில்லை.

"இது மோசடி இல்லையா?" என்று அவரிடம் கத்தினேன்.

"இன்னா டீச்சர் இப்டி சொல்லிட்டீங்க? புள்ளைங்க பேப்பர் படிக்கிற பழக்கம் நல்லதுதானே?" என்றார்.

நான் தலைமை ஆசிரியரிடம் சண்டை போட்டு, உடைந்தால் என் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்து, பூட்டைத் திறந்தேன். முதல் நாளே இரண்டு குழாய் உடைந்தது. தலைமை ஆசிரியர் ஓடி வந்து, "ரெண்டா?" என்றார். சத்தத்தை வைத்தே எண்ணிவிடுவார், பாவம்.

பிள்ளைகளுக்கு நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். புத்தகத்தில் இருப்பதை எழுதாதே, பக்கத்தில் இருப்பவன் எழுதுவதை எழுதாதே, குழாயில் என்ன தெரிகிறதோ அதை எழுது. இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிக்கொண்டது. முதல் வாரம் அப்படியே எழுதினார்கள். முப்பத்திரண்டு பேருக்கும் குளோரைடு வந்தது.

நான் கொடுத்தது எதிலும் குளோரைடு கிடையாது. ஆனால் குளோரைடைக் காட்டிக்கொடுக்கும் சில்வர் நைட்ரேட்டை விட்டதும் குழாய் குழாயாகத் தயிர் போல வெள்ளையாகத் திரண்டது. அரைமணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் உறைத்தது. கடலை ஒட்டிப் போட்ட ஆழ்குழாய்த் தண்ணீர்! வாயில் வைக்க முடியாத அந்தத் தண்ணீரில்தான் நாங்கள் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு ஒரு புதுப் பாடம் எடுத்தேன். உப்பைப் போடாமல் வெறும் தண்ணீரை மட்டும் முதலில் சோதித்துப் பார், தண்ணீரே பொய் சொன்னால் அதை நம்பி மேலே போகாதே என்றேன். பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. வேர்வையைச் சோதித்தார்கள், எச்சிலைச் சோதித்தார்கள், தலைமை ஆசிரியர் மேசையில் வைத்திருந்த மோரை எடுத்துவந்து சோதித்தார்கள். எல்லாவற்றிலும் குளோரைடு. "என் மோர்ல என்ன டீச்சர் ஆராய்ச்சி?" என்று அவர் கேட்டார்.

அதன் பிறகு வாரம் ஒருமுறை செங்கல்பட்டில் பேட்டரி கடையில் காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு கேன் வாங்கி பஸ்ஸில் தூக்கிவருவேன். கண்டக்டர் முதல் நாள் கேட்டார்.

"இன்னாமா அது?"

"பேட்டரி தண்ணி."

"லாரி ஓடுதா?"

"ஸ்கூல் பிள்ளைங்களுக்கு."

"புள்ளைங்களுக்கு பேட்டரி தண்ணியா ஊத்துறீங்க?" என்று அவர் போட்ட சத்தத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பள்ளிக்கூட வாசலில் உதவியாளர் கேனை வாங்கிக்கொண்டு, "எதிர்ல அம்மாம் பெரிய கடல் கீது, நீங்க செங்கல்பட்லேர்ந்து தண்ணி தூக்கினு வர்றீங்க," என்று சிரிப்பார். ஆனால் அந்தக் கேனை அவர் பூட்டி வைப்பார். யாராவது அதில் கை வைத்தால் நான் எப்படிக் கத்துவேன் என்று அவருக்குத் தெரியும்.

அந்த முப்பத்திரண்டில் ஒரு பெண் இருந்தாள். குப்பத்திலிருந்து வருவாள். சத்தமே இருக்காது. எல்லாரும் விளையாட்டாகச் செய்ததை அவள் விரதம் போலச் செய்வாள். தண்ணீர் சோதனை செய்யாமல் ஒரு நாளும் உப்பைத் தொட்டதில்லை. நான் பார்க்கவில்லை என்றாலும் செய்வாள். அவளுக்குச் செங்கல்பட்டில் நர்சிங் சேர வேண்டும். வீட்டில் ஒரே ஒரு வருஷம்தான் பொறுத்துக்கொள்வார்கள். இடம் கிடைக்காவிட்டால் அக்கா போகிற இறால் கம்பெனிக்கு அவளும் தோல் உரிக்கப் போக வேண்டும். "டீச்சர், கெமிஸ்ட்ரில பிராக்டிகல் முழுசா வந்தா எட்டிடும். கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன்," என்று ஒருமுறை சொன்னாள். நானும் போட்டுப் பார்த்தேன். ஐம்பதுக்கு ஐம்பது வந்தால் எட்டும். உப்பில் கோட்டை விட்டால் எட்டாது.

தேர்வு நாள் வந்தது. ஒரு தேர்வாளர் வந்தால் எங்கள் தலைமை ஆசிரியருக்குக் கல்யாண வீடு போலக் கை கால் ஓடாது. அதற்குக் காரணம் உண்டு. முன்பொரு வருஷம் வந்தவருக்கு ஆழ்குழாய்த் தண்ணீரில் காபி போட்டுக்கொடுத்து, பால் திரிந்து, அவர் அதை ஒரு வாய் குடித்துவிட்டு அன்றைக்கு முழுக்க யாருக்கும் நாற்பதுக்கு மேல் போடவில்லையாம். அதிலிருந்து காபி நன்றாக இருந்தால் மார்க் நன்றாக இருக்கும் என்பது அந்தப் பள்ளியின் அசைக்க முடியாத முடிவு. அன்று பார்த்துக் குடிதண்ணீர் லாரி வரவில்லை.

பத்து மணிக்குத் தேர்வு தொடங்கியது. தேர்வாளர் பருத்த மனிதர், சாதுவானவர், நெற்றியில் விபூதி. ஒரு டம்ளர் காபி குடித்தார், இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தார். தலைமை ஆசிரியர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நான் மேசை மேசையாகப் போய்ப் பார்த்தேன். ஒரு பையன் குழாயில் வெள்ளையாகத் திரண்டு நின்றது. சரி, குளோரைடு கொடுத்திருப்பார்கள். அடுத்தவன் குழாயிலும் வெள்ளை. அதற்கு அடுத்தவள் குழாயிலும் வெள்ளை. மேசைமேல் பார்த்தால் சினிமா நடிகை பாதி மடிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். நான் அடியோடு நிறுத்தச் சொல்லியிருந்த பொட்டலங்கள் திரும்ப வந்திருந்தன!

உதவியாளரைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப்போனேன்.

"கேன்ல என்ன தண்ணி இருக்கு?"

"காபி எப்டி கீது டீச்சர்? சாரு ரெண்டு வாட்டி கேட்டாரு," என்றார் பெருமையாக. "உங்க தண்ணிதான். எட்மாஸ்டரு காபிக்கு நல்ல தண்ணி எடுன்னாரு, வேற எங்க போறது?"

"ஐயோ, அப்போ கேன்ல?"

"கொழா தண்ணி புடிச்சி ரொப்பிட்டேன். காலியா இருந்தா நீங்க கத்துவீங்களேன்னுதான்."

தண்ணீர் கெட்டுவிட்டதே, பிள்ளைகளுக்குக் கஷ்டமாகிவிடுமே என்று மனசு கேட்காமல் அவசர அவசரமாக உட்கார்ந்து பழைய முறையில் பொட்டலமும் கட்டியிருக்கிறார் மனிதர். அவர் கணக்கில் எல்லாக் குறையும் தீர்ந்தது. அவரை என்ன சொல்லித் திட்டுவது? அந்த நிமிஷமே நான் உள்ளே போய்த் தேர்வை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. பிள்ளைகள் குனிந்து கிடுகிடுவென்று எழுதிக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். சல்பேட், சல்பேட், நைட்ரேட், குளோரைடு. எல்லாம் சரியான விடை. குழாயில் வெள்ளையை வைத்துக்கொண்டு, தாளில் 'வெண்மை நிற வீழ்படிவு இல்லை' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு வருஷமாகத் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுத்தவள் நான், அதைப் பார்த்து அப்பாடா என்று பெருமூச்சு விட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் விட்டேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தாள் திருத்த உட்கார்ந்தோம். தேர்வாளர், நான், எதிரில் தலைமை ஆசிரியர். வஞ்சிர மீன் வறுவலும் மூன்றாவது காபியும் உள்ளே போயிருந்ததால் தேர்வாளர் தாராளமாகப் போட்டுக்கொண்டே வந்தார். திடீரென்று கை நின்றது.

"என்ன டீச்சர் இது? 'சொல்ல முடியாது'ன்னு எழுதியிருக்கு. நம்ம விடைப் பட்டியல்ல அப்படி ஒரு உப்பே இல்லையே."

அந்தக் குப்பத்துப் பெண்ணின் தாள்தான். குளோரைடு சோதனையில் வெள்ளை என்று எழுதியிருந்தாள். சல்பேட் சோதனையிலும் வெள்ளை என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு இப்படி இருந்தது: 'சோதனை: உப்பு போடாமல் தண்ணீர் மட்டும். காண்பன: இரண்டிலும் வெண்மை நிற வீழ்படிவு. அறிவன: தண்ணீரிலேயே குளோரைடும் சல்பேட்டும் உள்ளன. ஆகவே இந்தத் தண்ணீரைக் கொண்டு எனக்குக் கொடுத்த உப்பு எதுவென்று சொல்ல முடியாது.'

அடி என் ராசாத்தி! எனக்கு எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருந்தது. எத்தனை வருஷம் கரும்பலகையைத் தேய்த்தாலும் இப்படி ஒரு விடை ஒருமுறை வந்தால் அதிகம். இரண்டு நொடி அந்தச் சந்தோஷம் இருந்தது. அதற்குள் தேர்வாளர் அந்தக் கட்டத்தில் பெரிதாக ஒரு பூஜ்யம் போடப் பேனாவைத் திறந்தார்.

"சார், இருங்க. இந்தப் பொண்ணு எழுதினதுதான் சரி," என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். லாரி வராதது, கேன், காபி எல்லாம்.

தேர்வாளர் தன் டம்ளரைத் தூக்கி உள்ளே பார்த்தார். "பேட்டரி தண்ணியா? மூணு டம்ளர் குடிச்சேனே டீச்சர்! உடம்புக்கு ஒண்ணும் ஆகாதே?"

"சுத்தமான தண்ணி சார். மழைத் தண்ணி மாதிரி."

"அதான் காபி அவ்வளவு நல்லா இருந்தது," என்றார் அவர். முட்டாள் இல்லை அவர். கேன் தண்ணீரை ஒரு குழாயில் ஊற்றி, அவரே சில்வர் நைட்ரேட் விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கெட்டியாக வெள்ளை. குழாயை மெதுவாக ஸ்டாண்டில் வைத்தார்.

"டீச்சர், இந்தப் பொண்ணு எழுதினது சரின்னா, மத்த முப்பத்தொரு பேர் காணாததைக் கண்டதா எழுதியிருக்காங்கன்னு ஆகுது. ஒண்ணு, இது தப்பு. இல்லாட்டி முப்பத்தொண்ணும் தப்பு. ரெண்டையும் சரின்னு நான் எப்படிக் கையெழுத்துப் போட முடியும்?"

தலைமை ஆசிரியர் வாயில் துண்டை வைத்துக்கொண்டார். மறுதேர்வு, விசாரணை, ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கிற உதவியாளருக்கு சஸ்பெண்ட் ஓலை, எனக்கும் ஒன்று. சினிமாப் பக்கம் வெளியே வந்தால் பழைய வருஷங்களும் தோண்டப்படும். பேட்டரி தண்ணீரில் காபி போடச் சொன்னது யார் என்று கேட்டால் தலைமை ஆசிரியர் என்ன எழுதிக்கொடுப்பார்? நாங்கள் மூன்று பேரும் விஞ்ஞானம் படித்தவர்கள். மேசைமேல் வெள்ளையாகத் திரண்டு நின்ற குழாயைப் பார்க்காமல் மூன்று பேரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வழி சொன்னது தேர்வாளர்தான். கெட்ட எண்ணத்தில் இல்லை, அந்தப் பெண்ணுக்கு நல்லது செய்யத்தான். "அவளைக் கூப்பிடுங்க. இதை அடிச்சிட்டு சல்பேட்னு எழுதிடட்டும். ஐம்பதுக்கு ஐம்பது போட்டுடறேன்."

பஸ் நிறுத்தத்திலிருந்து அவளை உதவியாளரே ஓடிப்போய்க் கூட்டிவந்தார். மூச்சு வாங்க வந்து நின்றாள். நான் தாளை அவள் முன் வைத்தேன்.

"உனக்குக் கொடுத்தது என்ன உப்புன்னு தெரியாதா?"

"தெரியும் டீச்சர். சினிமா பக்கத்துல இருந்துது. சல்பேட்."

"அப்புறம் ஏன்டி எழுதல?"

"உப்பத்தானே டீச்சர் சோதிக்கச் சொன்னீங்க? பேப்பர இல்லியே."

நான்தான் பேச வேண்டியிருந்தது. கீழே இருக்கிற நான்கு வரியை அடித்துவிட்டு, குளோரைடு சோதனையில் 'வெண்மை இல்லை' என்று திருத்தி, சல்பேட் என்று எழுது, முழு மார்க் வந்துவிடும் என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். இவள் விளையாடுகிறாளா என்று பார்த்தாளோ என்னவோ. அப்புறம் உட்கார்ந்து குளோரைடு வரியைத் திருத்தினாள். சல்பேட் என்று எழுதினாள். தண்ணீர் சோதனைக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. நின்றது நின்றபடியே இருந்தது.

"நீங்களே அடிச்சிடுங்க டீச்சர். எனக்குக் கை வரல," என்றாள்.

நான் வழக்கம் போலச் சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

"சிவப்பு வேணாம் டீச்சர். பொண்ணோட பேனாவிலேயே அடிங்க. ஸ்கேல் வெச்சு நீட்டா," என்றார் தேர்வாளர்.

அவள் பேனாவையும் ஸ்கேலையும் நீட்டினாள். ஒவ்வொரு வரியாக அடித்தேன். நான்கு வரி. முப்பத்திரண்டு தாளில் உண்மை இருந்தது அந்த நான்கு வரியில் மட்டும்தான். அடித்து முடித்ததும் தேர்வாளர் தாளை இழுத்து ஐம்பது போட்டார், நான் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். அந்த வருஷம் அவளுக்கு நர்சிங்கில் இடம் கிடைத்தது. இறால் கம்பெனிக்குப் போகவில்லை. அதற்காக நான் சந்தோஷப்பட்டேன், இன்றைக்கும் படுகிறேன். அன்றைக்கு வேறு என்ன செய்திருக்க முடியும் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது. செய்தது என் கை, அவ்வளவுதான் தெரியும்.

பேனாவை அவளிடம் திருப்பிக் கொடுத்தபோது அவள் மூடியைப் போட்டு, பையில் வைத்து, வாசல் வரை போய்த் திரும்பினாள்.

"மன்னிச்சிக்கோங்க டீச்சர். தெரியாம எழுதிட்டேன்."

"பரவாயில்ல, போ," என்றேன்.